பிரித்து வைத்தது

பராக்கு நகருக்கு வடக்கே
லாரிகள் மூச்சு வாங்கும் மேட்டில்
எருக்கு தானாக முளைத்து நிற்கிறது.
யாரும் நடவில்லை. ஆடும் தொடுவதில்லை.
புலானிப் பெண்கள் மட்டும் ஒடித்துப் போகிறார்கள்,
அதன் பாலை விட்டுப் பசும்பாலைத் திரித்துக்
கட்டி பிடிக்க.

ஜூலையில் முதல் இலையைப் பறித்தேன்.
மேலே பழுப்பாக ஒரு புள்ளி.
திருப்பினால், கரி விரல் பட்டதுபோல் அழுக்கு.
அழுக்குதான் எனக்குச் சம்பளம் தருகிறது.

எருக்கிலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பஞ்சு.
சவர பிளேடால் சுரண்டி
ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தில் இட்டு
நுண்ணோக்கிக்குள் குனிந்து
அரை நாள் வரைந்தேன்.
வரைந்தது பூஞ்சையை அல்ல,
இலையின் மயிரை.
பக்கத்து மேசை இஸ்ஸிஃபூ சிரித்த சிரிப்பு
அந்தத் தாளில் இன்னும் காப்பிக் கறையாக இருக்கிறது.

பிறகு அகப்பட்டன ஸ்போர்கள்:
ஒலிவ நிறம், மெலிந்த உடல், லேசான வளைவு,
வெட்டிப் போட்ட நகத்துணுக்குகள் போல.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொப்புள்,
தாய்க்காம்பிலிருந்து கழன்ற இடம்.
அந்த வடு தடித்துக் கறுத்திருந்தால் ஒரு பேரினம்,
வெளிறிக் கிடந்தால் வேறொன்று.
குலம் விசாரிப்பவர்கள் யாரும்
இவ்வளவு கீழே குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அளந்தேன்.
இருபது மைக்ரானில் ஒன்று,
நூற்று நாற்பதில் ஒன்று,
இடையில் எல்லா அளவிலும்.
வடு சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் இல்லை.
பேராசிரியை அஜோவி அட்டவணையைத் திருப்பித் தந்தார்:
“இது ஓர் இனமா, சந்தைக் கூட்டமா?”

மின்சாரம் போன ஒரு மதியம்
மறுபடி மேட்டுக்குப் போனேன்.
தக்கோ இலை ஒடித்துக்கொண்டிருந்தாள்,
முதுகில் உறங்கும் பிள்ளையின் கால்கள் ஆட.
நல்ல இலை கூடைக்கு.
வட்டப்புள்ளி விழுந்தது இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்.
அடியில் கரி பிடித்தது வலப்பக்கம், தள்ளி.

ஏன் தள்ளி என்று கேட்டேன்.
“வட்டம் பரவாயில்லை, பால் திரியும்.
இது பட்டால் கட்டி கசக்கும்.”
நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை.

ஐந்து வாரமாக அந்த இரண்டு குவியலையும்
ஒரே உறைக்குள் போட்டு
ஒரே எண் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

தனித்தனியே அளந்தேன்.
வட்டம் பழைய ஆள்,
எருக்கு உள்ள இடமெல்லாம் அதற்கு முகவரி.
கரி மட்டும் எந்த விவரணையிலும் உட்கார மறுத்தது.
வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து வந்த நான்கே எழுத்துகள்
பக்கம் பக்கமாக ஏதோ முணுமுணுத்து,
மரபுமரத்தின் ஒரு கிளையில்
அதைத் தனியே இறக்கிவிட்டுப் போயின.

இனிப் பெயர்.
எங்கள் பாட்டோனுவில் இரண்டாம் மகன் என்றாலே சபி.
தெருவில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவோம்.
அதனால்தான் இரண்டாவது சொல் வேண்டியிருக்கிறது,
எனக்கும், பூஞ்சைக்கும்.
தக்கோவின் பெயரை வைக்கிறேன் என்று போய்ச் சொன்னேன்.
மரியாதை என்று விளக்கினேன்.
உலகம் உள்ளவரை இருக்கும் என்றேன்.

“நோய்க்கா? என் பெயரா?
என் பசுவுக்குக் கழிச்சல் வந்திருக்கிறது,
அதற்கு உன் பெயரை வைக்கட்டுமா?”

அகராதியில் இரவெல்லாம் துழாவி
லத்தீனில் ஒரு சொல் எடுத்தேன்: செக்ரெகாட்டா.
பிரித்து வைத்தது.
யார் பிரித்தது என்பதை
அந்தச் சொல் சொல்வதில்லை.
நன்றியுரையின் கடைசி வரி சொல்கிறது,
அதுவும் அவளிடம் கேட்டுக்கொண்டு.

மூல மாதிரியாக ஏழு இலைகள் இப்போது
பழுப்புக் காகித உறைக்குள், இரும்பு அலமாரியில்.
உறையை அனுப்பும் முன்
தக்கோ ஒரு துண்டுப் பாற்கட்டி கொண்டுவந்து நீட்டினாள்,
கரி இலையால் வேண்டுமென்றே திரித்தது.
“நம்பாத மாதிரி பார்த்தாயே, தின்று பார்.”

“குறிப்புகள்” பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்:
பாலில் கசப்பு உண்டாக்குகிறது.
மதிப்பாய்வாளர் ஓரத்தில் எழுதினார்: சான்று?

இரண்டு நாள் என் நாக்கில் இருந்தது, ஐயா.