மூக்கை நீட்டுதல்

பெட்டிக்குள் இருந்தது பீவர்.
எனக்கு வேண்டியது டர்போ பீவர்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மூக்கு, ஒரு வால்,
என் கணக்கில் பதினாறு மில்லிமீட்டர் உடம்பு,
பிறகு ஒரு முழுக் குளிர்காலம்.

தண்டர் பேயில் பகலெல்லாம் பல் செய்கிறேன்.
அக்ரிலிக் ஈறு, பீங்கான் கடைவாய்,
யாரோ கடித்துவிட்டுப் போன மெழுகின்மேல்
அவர் சிரிக்கப்போகும் வரிசை.
இரவில் நிலவறை.
அதே அரம், அதே கத்தி, அதே உருப்பெருக்கி.
மஞ்சளாகப் போகிற ஒரு கடல்விமானம்.

அறுபத்தெட்டு டாலர்.
முழுசாய் இருந்ததை முழுசில்லாமல் ஆக்க
ரம்பம் எடுத்தவளைப்
படியில் நின்று பார்த்தான் தவநேசன்.
"நல்லாத்தானே இருந்தது?"
நல்லாத்தான் இருந்தது.
இறக்கைக்கு முன்னால் இரண்டாக அறுத்தேன்.

இடையில் செருகிய தகடு கால் மில்லி சாய்ந்தது.
ஒட்டிக் காய்ந்தபின்தான் தெரிந்தது,
விமானம் வாழைப்பழம்.
பிய்த்தேன். ஜன்னலோரம் பிளந்தது.
சூப்பர் குளூ ஆவி பட்டு
முன்கண்ணாடியில் பனி படர்ந்தது,
இந்த ஊரில் பனி போதாதென்று.
புட்டி சுருங்கிப் பள்ளம் விழுந்தது.
பள்ளத்தைத் தேய்க்கப் போய்
பக்கத்து ஆணிவரிசை அழிந்தது.
அதைத் திரும்பக் குத்த
ஊசியோடு மூன்று இரவு உட்கார்ந்தேன்,
ஓர் ஆணிக்கு ஒரு மூச்சு.
எழுபத்தொன்றாவதில் தும்மினேன்.

புகைபோக்கி ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்தது.
வாக்யூம் கிளீனர் பையைப் பேப்பரில் கொட்டித் தேடினேன்.
தோட்டின் திருகாணி கிடைத்தது,
மகள் அழுது ஓய்ந்த லெகோத் தலை கிடைத்தது,
புகைபோக்கி இன்றுவரை எங்கோ பறக்கிறது.

மூக்குக்கு அச்சு எங்கும் விற்கவில்லை.
வேலையில் மிஞ்சிய ஈறுப் பிசினைக் குழைத்து
இளஞ்சிவப்பாய் ஒரு மூக்கு செதுக்கினேன்.
விமானத்துக்கு ஜலதோஷம் பிடித்தாற்போல் இருந்தது.

கீழ்த்தட்டு பொருத்த வந்தார் ரெய்யோ லெஹ்தினென்.
காட்டுத்தீ அணைக்கப் போனவர்,
அந்த மஞ்சளில் ஏறி இறங்கியவர்.
வால் நுனி எவ்வளவு சதுரம் என்று கேட்டேன்.
பல்லில்லாத வாயால் யோசித்தார்.
"வாலை நான் பார்க்கவேயில்லை.
உள்ளே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்."
ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.
ஒரே ஒரு மங்கல் புகைப்படத்தை நம்பி
வாலை வெட்டினேன்.

சாம்பல் ப்ரைமருக்கு முகதாட்சண்யம் கிடையாது.
முதல் பூச்சில்
கழுத்தைச் சுற்றித் தூக்குக்கயிறுபோல் ஒட்டுக்கோடு.
தேய்த்தேன். இரண்டாம் பூச்சிலும் அதே கழுத்து.
மூன்றாவதில் பெட்டியை மூடி
அலமாரியின் மேல் வைத்து
இனி உன் முகத்தில் முழிப்பதில்லை என்றேன்.
ஒன்பது நாள் முழிக்கவில்லை.

நான்காம் பூச்சு மார்ச்சில்.
வெளியே ஏரிப் பனிக்கட்டி வெடிக்கும் ஓசை.
விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன்.
கோடு இல்லை.
பீவர் இல்லை.
கடையில் எந்தப் பெட்டியிலும் வராத ஒன்று
கை அகலத்துக்கு
நீண்ட மூக்கோடு என்னைப் பார்த்தது.
எங்கே அறுத்தேன் என்று
எனக்கே மறந்துபோன ஒரு நிமிஷம்.
அந்த நிமிஷத்துக்குத்தான் எல்லாம்.

ஆனால் நான் பல் செய்கிறவள்.
கண்ணை ஏமாற்றலாம், நகத்தையும் ஏமாற்றலாம்,
நாக்கை முடியாது.
நன்றாகக் காயவிட்டு
மறுநாள் இரவு கண்ணை மூடி
மூக்கிலிருந்து கதவுவரை
நாக்கு நுனியால் மெல்லத் தடவினேன்.

"என்னப்பா செய்யிறாய்?"
படியில் தவநேசன், கையில் தேத்தண்ணி.
"பொருந்துதா எண்டு பாக்கிறன்."
"பொருந்துதா?"

இடது கதவுக்குக் கீழே
மயிரிழை ஒன்று தட்டியது.

"ஓம்" என்றேன்.
மஞ்சள் டப்பாவைத் திறந்தேன்.