மூன்று சிமிட்டல்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஏற்காட்டில்
எனக்குக் கரண்ட் எதிரி இல்லை, ஈரம்தான்.
ரிமோட் ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும்.
காலிங் பெல் ஆளில்லாமல் அழும்,
அழுத்தினால் வாயைத் திறக்காது.
லாட்ஜில் இருபத்திரண்டு அறை, இருபத்திரண்டு கீசர்,
ஒரே ஒரு பொன்னுவேல்.

ராத்திரி பத்தரைக்கு ஏழாம் நம்பரிலிருந்து போன்.
"டார்ச் ஒண்ணு ரிப்பேர். வர முடியுமா தம்பி?"

டார்ச் இல்லை.
விரல் நீளத்தில், கறுப்பாய்,
எந்தக் கடையும் விற்கக் கூடாத சாமான்.
தனகோட்டி, செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி.
முழங்கால் வரை சேறு,
கையெல்லாம் உண்ணிச்செடி கீறியிருந்தது.
சாயங்காலம் லேடீஸ் சீட்டில் நின்று
கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தபடி
இனி தொடமாட்டேன் என்று வீசினாராம்.
ஒன்பது மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் இறங்கி
தேடி எடுத்தாராம்.
இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்,
வாங்கின விலை, விற்ற விலை சொல்வதுபோல.

பட்டனை அழுத்தினார்.
சிமிட்டியது. சிமிட்டியது. சிமிட்டியது.
அணைந்தது.
"பேட்டரி போச்சா?"
பேட்டரி போயிருந்தால் சிமிட்டக்கூட நாதியிருக்காது, ஐயா.
இது உயிரோடுதான் இருக்கு.
மேலே ஆளைக் காணோம்னு சொல்லுது.

துண்டை விரித்து முதலில் பேட்டரியைக் கழற்றினேன்.
நனைந்த சாமானில் அதற்கப்புறம்தான் மற்ற எதுவும்.
மேலுறையில் கிழிசல் இருக்கிறதா என்று
விளக்கடியில் உருட்டிப் பார்த்தேன். இல்லை.
தொட்டியைத் திருகி எடுத்ததும் மாம்பழ வாசனை.
மல்கோவா தின்று வளர்ந்த மூக்கு
அதை ஒரு நொடிகூட நம்பவில்லை.

மரையில் சேறு, அதற்கடியில்
பாகு காய்ந்தாற்போல் ஒரு பிசுக்கு.
தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி
ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது. மாற்றினேன். கறுத்தது.
நான்காவது வெள்ளையாய் வந்தபோதுதான்
நடுவில் அந்தப் பித்தளை ஆணி தெரிந்தது,
கடுகளவு, குழிக்குள் அமுங்கி.

"ரொம்ப இறுக்குவீங்களோ?"
"கழண்டுடுமோன்னு ஒரு பயம்.
தினம் ஒரு திருகு."
அதான். இறுக்க இறுக்க ஆணி உள்ளே இறங்கும்.
பார்க்க ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.
தொடாது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டிலோரம் உட்கார்ந்து காலில் சேற்றை உரித்தார்.

ஹேர் டிரையரில் அரைமணி நேரம் காட்டினேன்.
ஊக்கு முனையால் ஆணியை நெம்பினேன்,
ஒரு மயிரிழை.
அந்த மயிரிழையை விட்டுவைத்திருக்கலாம்.
சாமான் செத்துப்போச்சு ஐயா, என்றால்
முடிந்துபோயிருக்கும்.
ஆனால் கை, வேலை தெரிந்த கை,
என்னிடம் கேட்கவில்லை.
மீட்டரின் இரண்டு முனையையும் வைத்தேன்.
கீ என்றது.

தொடும்வரை திருகி, தொட்டதும் நிறுத்தி,
பேட்டரியைப் போட்டுக் கொடுத்தேன்.
அழுத்தினார். நிலையாய் எரிந்தது, ஆரஞ்சு நிறத்தில்.
வாய்க்குக் கொண்டுபோகவில்லை.
விட்டார். அழுத்தினார். விட்டார்.
ஜன்னலுக்கு வெளியே
மலை முழுக்க இலவசமாய்ப் புகைந்துகொண்டிருந்தது.

இருநூறு ரூபாய் கொடுத்தார்.
கதவு வரை வந்து
பேட்டரியை மட்டும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.
"நீயே வெச்சுக்கோ.
காலையில் கேட்டா கொடுக்காதே."

இரண்டு முனையிலும் டேப் ஒட்டி
பழைய சோப்பு டப்பாவில் போட்டு
மேசை டிராயரில் வைத்தேன்,
சில்லறையோடு சேராமல்.

இப்போது மணி ஐந்து நாற்பது.
கண்ணாடியில் பனி வழிகிறது.
என் அறைக் கதவில்
டக். டக். டக்.
நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, அதே மூன்று.
கம்பளியை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டேன்.