ஐஸ் கொம்பனியில் உயிர்த்த ஞாயிறு

சட்டைக் கையில் மெழுகு இன்னும் உரியவில்லை.
நடுச்சாமத் திருப்பலி முடிந்து
வீட்டுக்குப் போகாமல் நேரே வந்துவிட்டேன்.
மூன்றரைக்கு மெஷின் ஓட வேண்டும்.
ஆண்டவர் உயிர்த்தாலும்
அறக்குளாவுக்கு ஐஸ் வேண்டும்.

வியாழனிலிருந்து வாய் கட்டியிருந்த மணிகள்
ராத்திரி ஒன்றாக அவிழ்ந்தன.
பாதர் சொன்னார்:
வெறும் கல்லறையைக் கண்ட பெண்களுக்கு
அங்கே குந்தியிருந்து அழ நேரம் கிடைக்கவில்லை,
ஓடிப்போய்ச் சொல்லத்தான் நேரமிருந்தது.
நீங்களும் சொல்லுங்கள்.
ஒருவருக்காவது.
எல்லோரும் தலையாட்டினோம்.
தலையாட்டுவது சுகம்.

மதிலோரம்,
கோட்டைக்குள்ளிருந்து வந்த மானொன்று
போன ஞாயிறு கட்டிய குருத்தோலையை
மென்றுகொண்டு நின்றது.
அதனிடம் சொல்லிப் பார்த்தேன்.
ஒரு காதை மட்டும் அசைத்தது.

ஐஸைப் பற்றி எனக்குத் தெரியும்.
இருபத்தெட்டு வருஷம் அதோடு கிடக்கிறேன்.
ஐஸ் எதையும் எழுப்பாது.
அழுகலோடு பேரம் பேசி
ஒரு நாள் தவணை வாங்கித் தரும், அவ்வளவுதான்.
செவுள் சிவந்திருக்கும், கண் மினுங்கும்,
மீன் செத்ததுதான்.

அந்த மார்கழியில்
கடல் தெருவுக்குள் வந்துபோன மறுநாள்,
ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று ஆள் வந்தது.
நஜிமுதீன் லொறியை எடுத்தான்.
பின்னால், ஐஸுக்கு மேலே, நான்.
மீனுக்கு உடைக்கிற அதே கணக்கில்
கை தன்பாட்டில் உடைத்தது.
"சின்னனாய் உடை தம்பி," என்றார் ஒருவர்,
"பிள்ளையளுக்கு நோகும்."
ஒருவரும் அவரைத் திருத்தவில்லை.

வரிசையில் ஒரு மஞ்சள் சட்டை,
ஒரு காலில் மட்டும் கொலுசு.
திருக்கடலூர் தெய்வானையின் மகள்.
என் கையால்தான்
அவள் கழுத்தடியில் ஐஸ் வைத்தேன்.
தெய்வானைக்கு அது தெரியும்.
நாங்கள் பேசியதில்லை.
விடியப்புறம் வருவாள், அரைப் பார் வாங்குவாள்,
காசை இரண்டு தரம் எண்ணித் தருவாள்.

இன்றைக்கும் வந்தாள்.
பேசினை இறக்கி வைத்துவிட்டு,
"ராவு முழுக்க உங்கட கோயில்ல மணி.
என்ன பத்திநாதன், விசேஷமோ?"

ஒருவருக்காவது.
வேறு ஆருக்கெண்டாலும் சொல்லியிருப்பேன்:
நஜிமுதீனுக்கு,
கேற்றில் நிற்கிற நேவிப் பொடியனுக்கு
எனக்கிருக்கிற அரைச் சிங்களத்தில்.
இவளுக்கா?

குத்தூசியைக் கீழே வைத்தேன்.
"எங்கட ஆண்டவர், செத்தவரெல்லே,
எழும்பிற்றார்," என்றேன்.
சொன்ன பிறகு கேட்டால்
பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி இருந்தது.

அவள் சிரிக்கவில்லை.
ஐஸையே பார்த்தாள்.
அதிலிருந்து வெள்ளையாய்ப் புகை எழும்பியது.
"அவர் மட்டுமோ?"

மெஷின் இரைந்தது.
மலையில் கோணேசர் கோயில் மணி.
சின்ன வயதில் பாடமாக்கிய ஞானோபதேசம்
ஒரு வரியும் வாய்க்கு வரவில்லை.
தோமையாருக்கு விரலை வைக்கக் காயமாவது இருந்தது.
எனக்கு இருந்தது
விறைத்துப்போன பத்து விரல்.

"ஓம்," என்றேன்.

சொன்னதும் நடுங்கிப்போனேன்,
கையிருப்பில் இல்லாத சாமானை
முற்பணம் வாங்கி விற்றவன்போல.
பிறகு நினைத்தேன்:
அந்தப் பெண்களிடமும் கையில் என்ன இருந்தது,
பூசாத பரிமளத்தைத் தவிர?

தெய்வானை காசைத் தந்தாள்.
முதல் தடவையாக எண்ணவில்லை.
பேசின் தலையில்,
உருகிய நீர் பிடரியில் வழிய,
கடற்கரை றோட்டால் போனாள்.
அவள் முதுகு மறையுமட்டும்
பார் பாராய் உடைத்துக்கொண்டிருந்தேன்,
சின்னனாய்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள்.
மீன் முடிந்திருந்தது. ஐஸ் தேவையில்லை.
சாக்கை உதறிப் போட்டு உட்கார்ந்து
முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"முதல்லயிருந்து சொல்லு.
எழும்பினவரை
முதல்ல கண்டது ஆர்?
தாயோ?"