நுகர்பொருட்கள்

கொழும்பில் இரவு எட்டரை.
டாக்காவில் ஒன்பது.
பேர்கனில் பின்னேரம் நான்குதான்,
ஆனால் இருட்டிவிட்டதாம்.
திரையில் மூன்று சதுரங்கள்.
என் சதுரத்துக்குள் மட்டும்
பொரளைச் சந்தியின் பஸ் ஹோன் புகுந்து புகுந்து வர,
ஒலியை அணைக்கச் சொல்கிறார்கள்,
மரியாதையாகத்தான்.

ஒப்பந்தத்தின் நாற்பத்தொரு பக்கங்களிலும்
நான் வழங்குநர்,
அவர்கள் பெறுநர்.
எங்கள் வீட்டில் கலியாணம் பேசியபோதுகூட
யார் தருவது யார் எடுப்பதென்று
இவ்வளவு துப்புரவாக எழுதவில்லை.
பெறுநர் விரும்பினால் மூன்றாம் தரப்புக்குக் கைமாற்றலாம்.
பெறுநர் விரும்பினால் அழித்துவிடலாம்.
எடுப்பார் கைப்பிள்ளை என்பதை
ஆங்கிலச் சட்டத்தில் எப்படிச் சொல்வார்களென்று
பிரிவு ஒன்பதில் படித்துக்கொண்டேன்.

மாதிரி என்று அதில் எழுதியிருப்பது
தெமட்டகொடைக் கால்வாயில் இறங்கிய ஒரு மனிதரின்
ஐந்து மில்லிலீற்றர்.
பிச்சமுத்து.
(பெயர் இதுவல்ல. சொல்லமாட்டேனென்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.)
மாநகரசபையில் பதினாறு வருசம்.
கண் மஞ்சளித்து, கெண்டைக்கால் பிடித்து,
ஓட்டோவிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள்.
சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பக்கத்தை
விரல் வைத்து வாசித்துவிட்டு
"இது எங்க போகும் மிஸ்?" என்றார்.
நோர்வேக்கு.
"எனக்கே பாஸ்போட் இல்ல."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
முடிய நேரமெடுத்தது.

எலிக்காய்ச்சல் கிருமிக்கு அவசரமே கிடையாது.
ஊடகத்தில் ஒரு துளி விட்டு
இருட்டுப் பெட்டிக்குள் வைத்தோம், நிலூக்காவும் நானும்.
ஆறு வாரம் ஒன்றுமில்லை.
எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பது, திரும்ப வைப்பது.
பக்கத்துக் குழாய்களில் பூஞ்சை பிடித்தது.
இதில் அதுவும் இல்லை.
ஏழாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே
வெள்ளையாய் ஒரு வளையம்,
ஆறிய பாலின் ஆடையிலும் மெல்லிதாய்.
நிலூக்கா சிங்களத்தில் கத்தினாள்,
நான் தமிழில்.
இரண்டும் ஒரே சொல்:
அம்மோ!

அந்த வளையத்தைத்தான் இப்போது கேட்கிறார்கள்.
கொடுப்பேன்.
அதன் மரபணுவை எழுத்தெழுத்தாய் வாசிக்கும் இயந்திரம்
எங்களிடமும் உண்டு,
ஓர் உதிரிப்பாகத்துக்கு டொலர் பார்த்து
மூன்று வருசமாய்ச் சீலை போர்த்திக் கிடக்கிறது.
கொடுப்பேன், ஆனால்
ஒரு குழாய் இங்கேயே இருக்கவேண்டும்.
பெயர் நாங்கள் வைப்போம், கால்வாயின் பெயரை.
நிலூக்கா ஆறு மாதம் அங்கே வரவேண்டும்,
போத்தல் கழுவ அல்ல.

பேர்கனின் ஐவின்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நியாயம்" என்றார்.
இன்னும் கொஞ்சம் துடைத்துவிட்டு
"சட்டப்பிரிவைக் கேட்கவேண்டும்" என்றார்.
இரண்டையும் உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு வரவுசெலவு.
வரி பதினேழு, நுகர்பொருட்கள்.
கையுறை, வடிகட்டி, குழாய்முனை,
இவற்றின் நடுவே நான் ஒளித்து வைத்த
"நீர்புகாப் பாதுகாப்பு உறை, 12 சோடி."
முழங்கால்வரை வரும் கறுப்பு பூட்ஸ்,
புறக்கோட்டையில் விலை கேட்டு வைத்தது.

டாக்காவிலிருந்து தஹ்மினா
அந்த வரியில் வந்து நின்றாள்.
அம்புக்குறி அசையவில்லை.
நான் மேசையில் தேநீர்க் கறையைச் சுரண்டினேன்.
பிறகு
12 அழிந்து
32 ஆனது.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
இருபது எங்களுக்கு.
எட்டாம் அளவு அதிகம் வேண்டும்.

ஐவின்ட் திரைக்கு நெருங்கி வந்து வாசித்தார்.
"இந்த உறை எந்தப் பரிசோதனைக்கு?"

ஒலியைத் திறந்தேன்.
பொரளையின் அத்தனை ஹோனும்
ஒன்றாய்ப் பேர்கனுக்குள் போயின.

"காலுக்கு" என்றேன்.