இடப்பக்க வெளிச்சம்

டண்டீயில், லாரிமர் தெருவில்,
சணல் ஆலைக்கு இடத்தோளைக் காட்டி நிற்கிறது பள்ளி.
நெற்றியில் வெட்டிய ஆண்டு: ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்று.
மணற்கல். புகை குடித்துக் கறுத்தது.
ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வாசல், பெண்பிள்ளைகளுக்கு ஒன்று.
உள்ளே போனால் இரண்டும்
ஒரே படிக்கட்டில்தான் முடிகின்றன.

அளந்து வரைவது என் வேலை.
அடுத்த கோடைக்குள் இது பதினெட்டு வீடுகளாகிவிடும்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த ரூவரி கேட்டான்:
சன்னல் ஏன் இத்தனை உயரம்?

அடிமட்டம் ஐந்தடி நான்கங்குலம்.
வானம் பார்க்கலாம், தெரு பார்க்க முடியாது.
தெருவைப் பார்த்தால் பாடம் கெடும்
என்று எழுதியிருக்கிறார் கட்டடக்காரர் மக்கின்ஸ்ட்ரி.
கோப்பில் கடிதம் இருக்கிறது, முத்து முத்தான கையெழுத்து.
சன்னல் எல்லாம் இடப்பக்கம்,
எழுதும் கையின் நிழல் எழுத்தில் விழாதிருக்க.
கூரையில் காற்றுக்குழல்கள்.
தலைக்குப் பத்துச் சதுர அடி.
பிள்ளைகளின் நுரையீரல்வரை யோசித்த மனிதர்.

அரைநாள் பிள்ளைகளை யோசிக்கவில்லை.
விடியலிலிருந்து நூற்பு அறையில் நின்றுவிட்டு
மதியம் இங்கே வந்து உட்கார்ந்தவர்கள்.
தலைமையாசிரியை கெயர்டின் குறிப்பேட்டில்,
பிப்ரவரி ஒன்பது:
"பதினான்கு பேர் தூங்கினர்.
எஃபி டர்னன், கரும்பலகை முன் நின்றபடியே.
எழுப்பவில்லை."
பிப்ரவரி பத்து:
"இன்ஸ்பெக்டர் வந்தார். எழுப்பினோம்."

மூன்றாம் அறையின் தரைப்பலகையைப் பெயர்த்தோம்.
விரற்கடை உயரத்துக்குச் சணல் தூசு, பூனைமயிர் போல.
பாவாடையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் உதிர்ந்தது.
வங்காளத்தில் விளைந்து
திமிங்கில எண்ணெயில் ஊறியது
இன்னும் லேசாக நாறுகிறது.
ரூவரி மூன்று முறை தும்மினான்.

அப்புறம்தான் பார்த்தேன், சன்னலுக்கு நேர் கீழே
சுவரில் ஒரு குழி.
பூச்சு போய், கல் வழவழத்து,
கால் பெருவிரல் நுழையும் அளவு.
நானும் குள்ளம்தான். பூட்ஸைக் கழற்றி
விரலை ஊன்றி ஏறினேன்.
தெரு தெரிந்தது. ஆலையின் கேட் தெரிந்தது.
அவ்வளவுதான்.
அங்கிருந்துதானே வந்தார்கள்,
அதைப் பார்க்கவா இப்படிக் கல் தேயும்?
வெளியே வருகிறவர்களைப் பார்க்க, என்றான் ரூவரி,
கீழே நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

வரைபடத்தில் இதற்குக் குறியீடு கிடையாது.
நான் இடதுகைக்காரி.
'விரல்குழி, தரையிலிருந்து அறுநூற்றுப் பத்து' என்று
எழுதப் போனபோது
மக்கின்ஸ்ட்ரியின் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்து
என் கையின் நிழலை
அந்த எண்ணின் மேலேயே போட்டது.