மாதிரிக் கையொப்பம்

வெள்ளவத்தைக் கிளை. எனது இலக்கம் பதினொன்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹிமாலி
என் காசோலையையும் ஒரு மஞ்சள் அட்டையையும்
மாறி மாறிப் பார்க்கிறாள்.
"பொருந்தேல்லை மிஸ். இது நீங்கள் இல்லை."

அட்டையில் இருப்பவள் தொண்ணூற்றேழாம் ஆண்டுக்காரி.
தவயோகினி என்று முழுதாக எழுதி
'னி'யின் மேல்விலங்கைச் சுழற்றி
கீழே இரண்டு புள்ளி, காரணமே இல்லாமல்.
முதற் சம்பளம். கைப்பையில் பொலிஸ் பதிவுத் துண்டு.
காசோலையில் இருப்பவளுக்குப் பெருவிரல் நோவு.
பெயரை ஒரு கோடாக்கிவிட்டாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ."
போட்டேன். மூன்றாவதாக ஒருத்தி வந்தாள்.
"திரும்பவும்."
வியர்த்தது,
என் பெயரை நானே களவெடுப்பதுபோல.

ஹிமாலிக்குச் சிரிப்பு.
"நாளைக்குப் போயா. பன்சலையில் ஹாமுதுரு
இதைத்தான் ஒரு மணித்தியாலம் சொல்லுவார்.
அனாத்ம, அனாத்ம என்று.
நான் நித்திரையாகிவிடுவன்."

எனக்கு நித்திரை வரவில்லை.
எங்கோ ஓர் அசல் இருக்கிறது,
மற்றதெல்லாம் பிரதி என்றிருந்தேன்.
கை, மை, மேசையின் உயரம்,
பின்னால் நிற்பவரின் பெருமூச்சு,
காலையில் குடிக்காமல் விட்ட பிளேன்ரீ,
எல்லாம் கூடும்போது ஓர் ஒப்பம் விழுகிறது.
போட்டவளைத் தேடினால்
சங்கிலியில் பேனை மட்டும் ஆடுகிறது.

அதற்காக யாருமே இல்லை என்றில்லை.
அந்த இரண்டு புள்ளிக்காரி பட்ட கடனை
வட்டியோடு கட்டியது நான்தான்.

ஆனாலும் ஹிமாலி,
சோதனைச் சாவடியில் டோர்ச் வெளிச்சம்
முகத்திலும் அட்டையிலும் மாறி மாறி விழும்போது
'நான் என்று ஒன்றில்லை' எனச் சொல்ல முடியாது.
ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே விலாசம்.
மாறாதவளாய் நிற்பதற்கு
எத்தனை இரவு பாடமாக்கினேன் என்னை.
இன்று உன் கண்ணாடி முன்னால்தான்
அவளைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கிறேன்.
தோள் நோகிறது.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவள் புதிய அட்டை ஒன்றை நீட்டினாள்.
"மூன்று தரம். ஒரே மாதிரி."

போட்டேன்.
அக்கா, தங்கை, ஒன்றுவிட்ட சகோதரி.

தலையைச் சரித்துப் பார்த்தாள்.
"கிட்டத்தட்ட" என்றாள், "காணும்."
திகதி முத்திரை ஓங்கி விழுந்தது.
மணி அடித்தது.
பன்னிரண்டு.