மலை இல்லாத கட்டம்

கணினியின் கட்டத்தில் பிரான்மலை இல்லை.
பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி;
இடையில் விழுந்த மலையைத்
தரையாகத் தட்டிவைத்திருக்கிறது.

மேல்காற்றுக்கு அது தெரியாது.
மலையில் முட்டி, இரண்டாகப் பிரிந்து,
நெற்குப்பைக்கு மேலே மறுபடி சந்திக்கிறது.
தொண்டிப் பக்கமிருந்து கடற்காற்றும் வந்து சேர
மூன்றுக்கும் போக வேறு வழியில்லை,
மேலே தவிர.

மதுரையில் இறங்கும் விமானத்துக்கு எழுதினேன்:
"வடகிழக்கே இடிமேகம் வளர்கிறது. விலகி வரவும்."
விமானி நன்றி சொன்னார்.

நெற்குப்பையிலிருந்து சிகப்பி மதினி
காலையிலேயே போனில் கேட்டிருந்தாள்:
"இன்னிக்குத் தளம் போடுறோம். மழை வருமா?"
கட்டத்தைப் பார்த்து
"வராது, போடுங்க" என்றிருந்தேன்.

நாலரைக்கு ஒரு படம் அனுப்பினாள்.
ஈரக் கான்கிரீட் முழுக்க
அம்மைத் தழும்பு.
கீழே ஒரு வரி:
"விமானம் நனையலையே?"